பதவி இறக்கம் கோரி ஒரு விண்ணப்பம்

சென்ற வாரம் பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது யாரோ தரையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். முதலில் வெள்ளை ஃபினாயிலின் நெடி. அதற்குப் பின்னால், தாமதமாக வந்து ஓரமாக உட்காரும் விருந்தாளியைப் போல, எலுமிச்சைத் தோல். என் பல்வலி ஒரு நிமிடம் நின்றது. குனிந்து பார்த்தேன். துடைத்தது யாரோ ஓர் இளைஞன். பக்கெட்டில் தோல் எதுவும் மிதக்கவில்லை. வாசனை பாட்டிலிலேயே வந்திருக்கும்.

எனக்குத் தெரிந்து எலுமிச்சைத் தோலைக் கையால் போட்டவர் ஒருவர்தான். எங்கள் குடியிருப்பின் வாசலில் நிற்கும் ஜூஸ் வண்டிக்காரரிடம் பிழிந்துபோட்ட மூடிகளை மாலையில் வாங்கி, பழைய பெயின்ட் டப்பாவில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரில்தான் ஃபினாயிலைக் கலப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வெறும் ஃபினாயிலு ஆஸ்பத்திரி வாசனைண்ணா. வூட்டுக்கு வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரக்கூடாதில்ல" என்றார். அழகான எண்ணம் என்று நினைத்து நோட்டில் குறித்துக்கொண்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்.

பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் இறங்கி, ஆட்டோக்காரர் 'இதுக்கு மேல வர மாட்டேன்' என்று சொல்கிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. என் வேலை, கைப்பேசிச் செயலிகளில் வரும் வாசகங்களைத் தமிழில் எழுதித் தருவது. 'ஏதோ தவறாகிவிட்டது, சிறிது நேரம் கழித்து முயலவும்' என்பதை இதுவரை பதினான்கு விதமாக எழுதியிருக்கிறேன். மிச்ச நேரத்தில் கவிதையும் அல்லாத கட்டுரையும் அல்லாத ஏதோ ஒன்றை எழுதுவேன். இந்த இரண்டுக்கும் நடுவே குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகவும் ஆனேன். சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் யாரோ போட்ட அறிவிப்பைத் திருத்திப் போட்டேன். அதற்கு அவர்கள் கொடுத்த தண்டனை அது.

எலுமிச்சைத் தோல் ஊறவைத்த அந்தப் பெண்மணி அங்கே துப்புரவுப் பெண்களுக்கு சூப்பர்வைசர். பதினோரு வருடமாக இருந்தார். கட்டடத்துக்கு வயது பத்தரை. டைல்ஸ் மேல் காய்ந்திருந்த சிமென்ட்டைச் சுரண்டுவதற்காக முதலில் வந்தவர், சுரண்டி முடித்த பிறகும் போகவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா, மாமனார், கணவர் மூவரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சுரங்கத்தை மூடியதும் கணவனும் மனைவியும் நீலசந்திராவுக்கு வந்து, இரண்டு அடுப்பு வைக்க இடமில்லாத ஒரு வீட்டில் இத்தனை வருடம் இருந்துவிட்டார்கள். அவருக்குக் கீழே ஐந்து பெண்கள். அவர்களிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். வேலைவாங்கும்போது கன்னடம், திட்டும்போது தமிழ். என்னை அண்ணா என்பார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். நான் அக்கா என்பேன். இருவரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

அந்த வருடம் மழைக்கு முன்பாகக் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. அரசு உயர்த்தியது. ஆள் அனுப்பும் ஏஜென்சி எங்களுக்குக் கடிதம் அனுப்பியது. எங்கள் பொருளாளர் அந்த உயர்வை வீடுகளால் வகுத்து, ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடும் என்று குழுவில் போட்டார். இரண்டு மசால் தோசை, உட்கார்ந்து சாப்பிடுகிற கடையில் என்றால் ஒன்றரை. அதன் பிறகு நான்கு நாள் யாரும் தூங்கவில்லை.

தொகை பெரிதல்ல, கொள்கைதான் முக்கியம் என்று ஒருவர் எழுதினார். அவருக்குக் கொள்கை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். தனக்கே இந்த வருடம் உயர்வு வரவில்லை என்று இன்னொருவர் எழுதினார், அவருக்கு மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டு ஆறுதல் சொன்னார்கள். ஓர் அம்மாள், 'அவங்களுக்கு அது ரொம்பப் பெரிய பணம்' என்றார். அடுத்த செய்தி, 'நமக்கு இது சின்னப் பணம்தான், ஆனாலும்' என்று தொடங்கியது. அந்த இரண்டு செய்திகளையும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தால் விடை வந்துவிடும் போலிருந்தது. நான் என்ன எழுதினேன் என்று நீங்கள் கேட்கலாம். 'தகவலுக்கு நன்றி' என்று எழுதினேன்.

நான்காவது மாடிக்காரர் ஒருவர், பேச்சில் நேரத்தை வீணாக்காமல், தரை துடைக்கிற வட்டமான இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து தாழ்வாரத்தில் விட்டுக் காட்டினார். அது இரண்டு வீட்டு வாசல் வரை அமைதியாகப் போனது. மூன்றாவது வீட்டில் செருப்புக் குவியலைப் பார்த்துத் திகைத்து நின்றது. பிறகு ஒரு கோலத்தைத் துடைத்தது. பிறகு மாடிப்படியை நோக்கிப் போனது. அக்காதான் ஓடிப்போய்க் கடைசிப் படிக்கு முன்னால் பிடித்தார். கையில் தூக்கிக்கொண்டு வந்து, "பாவம் சார், இதுக்குக் கண்ணு தெரியல. சும்னே ஏன் இதை வேலைக்கு அனுப்பறீங்க" என்று கொடுத்தார். நான்காவது மாடிக்காரர் நன்றி சொல்லவில்லை. உத்தரவாதக் காலம் எவ்வளவு என்று அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அக்கா என் வீட்டு மணியை அடித்தார். உள்ளே வரமாட்டார், எப்போதும். நான் செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்தேன். அவர் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"ஒரு லெட்டரு எழுதிக் குடுண்ணா. ஏஜென்சிக்கு."

"உயர்வைச் சீக்கிரம் போடச் சொல்லியாக்கா?"

"இல்ல. என்னை சூப்பர்வைசர்லேருந்து கீழ எறக்கிவிடச் சொல்லி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்காததால் நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று.

"புது ரேட்டு வந்தா நான் தாண்டிடுவேன்ணா" என்றார்.

"எதை?"

"கோட்டை."

பிறகு விளக்கினார். தொழிலாளர் காப்பீட்டு அட்டை ஒன்று அவரிடம் இருந்தது. எல்லோரும் அதைக் கார்டு என்பார்கள். சம்பளம் ஒரு வரம்புக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கார்டு. காட்டினால் குடும்பத்துக்கே வைத்தியம் இலவசம். மற்ற ஐந்து பெண்களும் வரம்புக்கு ரொம்பக் கீழே. சூப்பர்வைசர் என்பதால் அக்காவின் சம்பளம் மட்டும் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இந்தச் சின்ன உயர்வு அவரை அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

"எவ்வளவு தாண்டுவீங்க?"

"ஒரு கேஸ் சிலிண்டர்கூட வாங்க முடியாது, அவ்ளோதான்." கைவிரல்களைச் சேலையில் துடைத்தார். "அவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு நாளு அடுகோடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ணிகினு இருக்காங்க. கார்டைக் காட்டினா காசு கேக்கறதில்ல. கார்டு இல்லன்னா ஒரு தபாக்கு அவங்க கேக்கற காசுக்கு, என் உயர்வு பஸ் சார்ஜுக்குக்கூடக் காணாது."

எனக்கு அதுவரை அவர் கணவரைப் பற்றி எதுவும் தெரியாது. பதினோரு வருடத்தில் அவர் எங்கள் எல்லோருடைய குப்பையையும் பார்த்திருந்தார்.

"உடனே நிறுத்திடுவாங்களா?"

"கொஞ்ச நாளு ஓடுமாம். அரை வருசக் கணக்கு முடிஞ்சா நின்னுடும். அவரு அரை வருசக் கணக்குல மூச்சு வுடறதில்லையேண்ணா." இதைச் சொல்லும்போதும் குரல் மாறவில்லை. "எறக்கி வுட்டா கோட்டுக்குக் கீழ வந்துடுவேன். அதே வேலையைத்தான் பண்ணப் போறேன். பேரு மட்டும் வாணாம். கீழ எறங்கறது எங்க வூட்ல யாருக்குப் புதுசு?"

"காரணத்தை எழுதிடலாம்க்கா. புரிஞ்சுக்குவாங்க."

"அதான் வாணாம். வூட்ல சீக்குன்னு தெரிஞ்சா இவ லீவு போடுவா, ஒரு சின்னப் பொண்ணா பாத்து வெச்சுக்கலாம்னு ஏஜென்சிக்காரன் என்னை அனுப்பிடுவான். பின்னாடி பிளாக்குல ஒருத்திய அப்படித்தான் அனுப்புனான். சொந்தக் காரணம்னு போடு. யாருகிட்டயும் சொல்லாத. அஞ்சு லைன் எழுதுண்ணா, போதும்."

சரி என்றேன்.

ஐந்து வரி இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. 'சொந்தக் காரணங்களால் எனது மேற்பார்வையாளர் பதவியிலிருந்து விடுவித்து, துப்புரவுப் பணியாளராகத் தொடர அனுமதிக்க வேண்டுகிறேன்.' அந்தச் 'சொந்தக் காரணங்களால்' இருக்கிற இடம் காலிமனை மாதிரி கிடந்தது. பெங்களூரில் யாரும் மனையைக் காலியாக விடுவதில்லை. காரணம் சொல்லக்கூடாது என்றால் அந்த இடத்தில் வேறு ஏதாவது நிற்க வேண்டும் என்று தோன்றியது. நான் கட்டினேன். 'இந்தக் கட்டடத்தின் முதல் செங்கலின் தூசியிலிருந்து இதன் மனிதர்களோடு இருந்து வருகிறேன். எனக்குக் கிடைத்த வேலையும் மரியாதையும் எனக்குப் போதுமானவை. அதற்குமேல் வேண்டுவது என் இயல்பன்று.'

என்னுடைய பதினான்கு தவறுச் செய்திகளுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த உருப்படியான வேலை அது. மூன்று முறை வாசித்தேன். 'தூசியிலிருந்து' என்பதை மட்டும் 'துகளிலிருந்து' என்று மாற்றி, மறுபடி தூசி என்றே ஆக்கினேன்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இது இன்னாத்துக்கு?" என்று கேட்டார்.

"படிக்கிறவங்க மனசு இளகும்க்கா."

"இளகினா சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

மனசு இளகியது. அதில் குறை சொல்ல முடியாது. ஏஜென்சியின் மேலாளர் கடிதத்தைப் படம் எடுத்து எங்கள் தலைவருக்கு அனுப்பிவிட்டார், 'சார், இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆள்' என்று. தலைவர் திருச்சிக்காரர், மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவி. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று கடிதத்தை முழுவதும் வாசித்தார். தமிழ் தெரியாதவர்களுக்காக ஆங்கிலத்திலும் சொன்னார். ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருந்தது.

"போதும்னு சொல்றதுக்கு ஒரு மனசு வேணுங்க" என்றார் தலைவர். "நாம கேக்கவே இல்ல. அவங்களாவே உயர்வு வேண்டாம், பதவியும் வேண்டாம்ங்கறாங்க."

"இதைத்தான் நான் நாலு நாளா சொல்லிட்டிருக்கேன்" என்றார் கொள்கைக்காரர். "பணம் அவங்களுக்குப் பிரச்சினையே இல்ல. நாமதான் பழக்கிவிடறோம்."

"இப்படிப்பட்டவங்களைப் போய் எறக்கறதா? மேல வெக்கணும்."

வைத்தார்கள். அக்காவுக்கு உயர்வு முழுவதுமாகக் கொடுப்பது, அதற்குமேல் நன்னடத்தைக்காக ஒரு தொகையும் மாதாமாதம் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவானது. கேட்காத மற்ற ஐந்து பேர் விஷயத்தில், எட்டு மணி நேர வேலையை ஆறு மணி நேரமாகக் குறைத்துவிடுவது. மணிக்கணக்கில் பார்த்தால் கூலி உயர்ந்திருக்கும். மாதக்கணக்கில் பார்த்தால் முன்னைவிடக் குறைந்திருக்கும். சட்டப்படி எல்லாம் சரி. பொருளாளர் சொன்ன இந்த யோசனைக்கு அவருடைய மகன் கணினியில் ஒரு படம்கூட வரைந்து வைத்திருந்தான்.

நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று சொன்னது காதில் இருந்தது. பேனாவை மூடி, திறந்து, 'ஏகமனதாக' என்று எழுதினேன். அந்த ஏக மனதில் நானும் இருந்தேன்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"இன்னும் மேல ஏத்திட்டாங்களா?"

"ஆமாக்கா."

"அஞ்சு லைன்தானே சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். பக்கெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனார்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன மேடை. அதற்கு முந்தின நாள் அந்த இடத்தைக் கழுவியது அக்கா. லட்டு கொடுத்து முடித்ததும் தலைவர் மைக்கைப் பிடித்து, நம் குடும்பத்தில் ஒருவர் என்று அவரை மேடைக்கு அழைத்தார். சிவப்பு நிறத்தில், ஜரிகை போட்ட சால்வை. அது கழுத்தில் விழுந்தபோது அக்கா கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் புகைப்படத்துக்கு நிற்பவர் மாதிரி நின்றார். தலைவர் கடிதத்தின் கடைசி வரியை மறுபடியும் வாசித்தார். 'அதற்குமேல் வேண்டுவது என் இயல்பன்று.' ஒலிபெருக்கியில் என் வாக்கியத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கைதட்டினார்கள். குழந்தைகள் இன்னும் லட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள்.

துப்புரவுப் பெண்கள் ஐந்து பேரும் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஏன் குறைந்தது என்று அதுவரை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இப்போது தெரிந்தது, தெரிய வேண்டிய மாதிரியில் அல்ல. தருமபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், வாய்த் துடுக்கானவள். "நமக்குப் போதும்னு சொல்றதுக்கு நம்ம பெரியக்கா யாரு? அவங்களுக்குப் போதும்னா வாயை மூடிட்டு இருக்க வேண்டியதுதானே" என்று பக்கத்தில் இருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பத்தரை மணி டீக்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. வாசல் கடையிலிருந்து ஒரே பிளாஸ்க்கில் டீ வரும். ஐந்து பேருக்கு பேப்பர் கப். அக்காவுக்கு மட்டும் பிளாஸ்க்கின் மூடி. மூடியில் கொஞ்சம் கூடப் பிடிக்கும், சூடும் நிற்கும். சூப்பர்வைசர் என்பதற்கு அந்த இடத்தில் இருந்த ஒரே அடையாளம் அதுதான். சுதந்திர தினத்துக்கு மறுநாள் முதல் மூடி பிளாஸ்க்கின் மேலேயே இருந்தது. அக்கா மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு வாரம் பார்த்தேன். பார்ப்பது எனக்கு நன்றாக வரும்.

அரை வருடக் கணக்கு செப்டம்பரோடு முடிகிறது. ஆகஸ்டின் கடைசி ஞாயிறு மறுபடி கூட்டம். தலைவர், ஆறு மணி நேர ஏற்பாட்டைப் பக்கத்துக் குடியிருப்புகளும் கேட்கின்றன, கடிதத்தை அவர்களுக்கும் அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டார். நான் எழுந்தேன். அக்காவைக் கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம். கேட்கவில்லை.

"அந்தக் கடிதத்தை எழுதினது நான். போதும்ங்கறது நான் போட்டது, அவங்க சொல்லல. அவங்க வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். சம்பளம் கூடினா கார்டு போயிடும். அதனாலதான் எறக்கிவிடச் சொன்னாங்க."

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நல்லவர்களானார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே ஆனார்கள். சின்னப் பணம் என்று எழுதியவரின் கண் கலங்கியது. "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் தலைவர். கொள்கைக்காரர், அந்த இடத்திலேயே, கைப்பேசியில் நன்கொடைக்கு ஒரு கியூஆர் கட்டத்தை உருவாக்கிக் குழுவில் போட்டார். நான்காவது மாடிக்காரர் யாரும் கேட்காமலே முதல் ஆளாக அனுப்பினார். சாயங்காலத்துக்குள் சேர்ந்த தொகையை இங்கே சொல்லப் போவதில்லை. ஆறு பேருடைய உயர்வை எத்தனை மாதம் அதில் கொடுத்திருக்கலாம் என்று யாராவது வகுத்துப் பார்த்துவிடுவார்கள்.

"ஆறு மணி நேரம்?" என்று கேட்டேன்.

"அது தனி விஷயம்" என்றார் பொருளாளர். "அது போன மாசமே பாஸ் ஆயிடுச்சே. நீங்கதானே எழுதினீங்க, ஏகமனதாகன்னு."

சேர்ந்த பணத்தை ஒரு கவரில் போட்டு, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். அக்கா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துணி உதறிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தில் சொன்னதை முழுவதும் சொன்னேன். அவர் துணியை உதறுவதை நிறுத்தவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாதன்னேன்."

"ஆமாக்கா."

"லெட்டர்ல வாணாம்னத எழுதுனீங்க. வாயால வாணாம்னத சொல்லிட்டீங்க." முதல் முறையாக என்னை 'ங்க' போட்டுப் பேசினார். பிறகு கவரைப் பார்த்தார்.

"வேண்டாம்னா திருப்பிக் குடுத்திடறேன்க்கா. அவங்க தப்பா நினைக்க மாட்டாங்க."

"ஏன் வாணாம்? குடுங்க சார். போதும்னு எழுதினது நீங்கதானே, நானா?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். சார் என்றதை நான் கவனித்ததை அவர் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தார்.

மறுநாள் பத்தரை மணிக்கு மூடி பிளாஸ்க்கிலிருந்து இறங்கியது. விஷயம் கீழேயும் போயிருந்தது. தருமபுரிப் பெண் மூடி நிறைய ஊற்றி, அக்கா பக்கம் தள்ளி, "வூட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லன்னு எங்ககிட்ட சொன்னா நாங்க என்ன ஊரு பூராவா சொல்லப் போறோம்? நாங்க என்ன படிச்சவங்களா?" என்றாள். நான் இரண்டாவது மாடியில் இருந்தேன். கேட்டது.

அக்கா பயந்ததும் நடந்தது, பாதி. மேலாளர் பணிவாகத்தான் பேசினார். இங்கே இனி இறக்க முடியாது, சங்கமே ஏற்றி எழுதிக் கொடுத்திருக்கிறது என்றார். வீட்டில் இப்படி ஒரு நிலை இருக்கும்போது இவ்வளவு பெரிய இடத்துக்கு ஓடியாடுகிற ஆள்தான் சரிப்படும் என்றார். பிறகு, அடுகோடியில் லேத் பட்டறைகள் இருக்கிற ஒரு கட்டடத்தில் பெருக்குகிற வேலை காலியாக இருக்கிறது, சூப்பர்வைசர் இல்லை, வெறும் துப்புரவு, சம்மதமா என்று கேட்டார். ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம். சம்பளம் குறைவு, கோட்டுக்கு நன்றாகவே கீழே. பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர் கேட்டது கேட்டபடி கிடைத்தது, வேறு இடத்தில். அக்கா அந்த இடத்திலேயே சரி என்றார்.

செப்டம்பர் கடைசி நாள் மதியம் கிளம்பினார். ஆறு மணி நேரம் என்பதால் மற்ற பெண்களும் அதே நேரத்துக்கு வெளியே வந்தார்கள். எலுமிச்சை ஊறவைக்கும் பெயின்ட் டப்பாவைத் தருமபுரிப் பெண்ணிடம் கொடுத்து, "பேக பேக, அவசரமா கலக்கிடாத, ஸ்வல்ப நேரம் வுடு" என்றார். அவள் தலையாட்டினாள். ஒரு வாரம் ஊறவைத்தாள் என்று நினைக்கிறேன். ஆறு மணி நேரத்தில் எட்டு மணி நேரத் தரையைத் துடைக்கிறவளுக்கு எலுமிச்சைக்கு ஏது நேரம். இப்போது லாவண்டர் என்று ஒரு நீலத் தண்ணீர் வருகிறது.

பஸ் நிறுத்தம் வரை நான் கூடப் போனேன். டிபன் பாக்ஸையும் ஒரு ஜோடி பழைய செருப்பையும் சிவப்புச் சால்வையில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். ஜரிகை வெளிப்பக்கம் இருந்தது. வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. பஸ் வருவதற்குள் மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தேடினேன். என்னிடம் இருந்ததெல்லாம் வாக்கியங்கள்.

"கார்டு?" என்று கேட்டேன்.

"போவல சார். கோட்டுக்குக் கீழதான் கீறேன். நேத்துகூட அவரைக் கூட்டிகினு போனேன்."

பஸ் திரும்புவது தெரிந்தது. அவர் மூட்டையை இடுப்புக்கு மாற்றினார்.

"புது இடத்துல சேர்றதுக்கு விண்ணப்பம் ஏதாவது கேட்டாங்கன்னா சொல்லுங்கக்கா, நான் எழுதித் தர்றேன்."

அக்கா படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வாணாம் சார். ஃபாரம் கீது. ரொப்பினா போதும்."